கோட்டைத் திட்டில் நான் கூப்பிட்ட பெயர்

கோட்டை இருக்கிற குடும்பத்துக்குப் பெண் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. வீடு, தோட்டம், கிணறு, மாடு இருக்கிற குடும்பமாகப் பார்த்துக் கொடுங்கள். கோட்டை மட்டும் வேண்டாம். கோட்டைக்கு ஒரு கதை இருக்கும். கதைக்கு ஒரு சாமி இருக்கும். சாமிக்கு ஒரு சீர் இருக்கும். அந்தச் சீரை வெயிலில் நின்று செய்கிறவள் யார் என்று பார்த்தால், நேற்று வந்த மருமகளாக இருப்பாள்.

எங்கய்யனுக்கு இது தெரியாமல் போய்விட்டது. கொடுமுடியில் எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்த உறவுக்காரர், மாப்பிள்ளை கோயமுத்தூரில் பஞ்சு ஆலையில் கணக்கு எழுதுகிறார், கோபிசெட்டிபாளையம் பக்கம் நெல்லும் வாழையுமாகப் பூமி இருக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, போகிற போக்கில், "அவுங்க கூட்டத்துக்கு ஏரி நடுவுல கோட்டையே இருக்குதுங்க" என்றார். அதோடு சரி. அதற்கு முன்னால் அவர் சொன்ன எதுவும் எங்கய்யன் காதில் ஏறவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் கடைவீதி முழுக்க, "எம்புள்ளையக் கோட்டைக்குக் கட்டிக் குடுக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. என் தோழிகளிடம் அந்தக் கோட்டையில் யானை கட்டுகிற இடம் வரைக்கும் வர்ணித்துவிட்டேன்.

கூட்டம் என்பது எங்கள் பக்கத்தில் ஒரே வழியில் வந்த பங்காளிகள் எல்லோரும் சேர்ந்தது. எந்தக் கூட்டம் என்று மட்டும் கேட்காதீர்கள். (பங்காளிகள் சுகமாக இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் வக்கீல்கள்.) கல்யாணமாகிப் போய் அந்தக் கோட்டையை ஏரிக்கரையிலிருந்து முதல் தடவை பார்த்தபோது, "முன்னால் இருக்கிற இடிந்த சுவர் மறைக்கிறது, கோட்டை எங்கே?" என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை. அந்தச் சுவர்தான் கோட்டை.

தண்ணீர் நடுவில் ஒரு சின்னத் திட்டு. அதில் இடுப்பளவும் தலையளவுமாக இடிந்து நிற்கிற கல்சுவர். கதவில்லாத வாசல் ஒன்று. உள்ளே ஒரு வேப்பமரம், அதன் அடியில் கூட்டத்துச் சாமியாக ஒரு கல். மற்றதெல்லாம் புதர். அந்தக் கோட்டையை அப்போது ஆண்டுகொண்டிருந்தவை ஓணான்கள்தான். கட்டிய காலத்தில் அது கரையிலேயே இருந்ததாம். பிற்பாடு ஏரியைப் பெரிதாக்கிக் கரையை உயர்த்தியதில் தண்ணீர் சுற்றி வளைத்துக்கொண்டது.

கோட்டையின் கதை இது. எப்போதோ எதிரிகள் வந்தபோது உள்ளே பெண்கள் மட்டும் இருந்தார்களாம். அவர்கள் சுவரோரம் முழுக்க அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்தார்களாம். இத்தனை புகை கிளம்பினால் உள்ளே எத்தனை ஆள் இருக்கும் என்று பயந்து எதிரிகள் திரும்பிப் போய்விட்டார்களாம்.

"அப்ப ஆம்பளைங்க எல்லாம் சண்டைக்குப் போயிருந்தாங்களா அத்தை?" என்று என் மாமியாரிடம் கேட்டேன்.

"சந்தைக்குப் போயிருந்தாங்க" என்றார் மாமியார். அவர் அதிகம் பேசமாட்டார்.

அந்தப் பெண்களின் ஞாபகமாகத்தான் சீர். பங்குனி மாசத்தில் கூட்டத்துச் சாமிக்கு எடுக்கிற நோம்பியில், அந்த வருஷம் வந்த புது மருமகள் மாமியாரோடு திட்டுக்குப் போய், தன் கையால் பொங்கல் வைக்க வேண்டும். பானை பொங்கி வழிகிற வரைக்கும் ஆண்பிள்ளை எவனும் திட்டில் கால் வைக்கக் கூடாது. எல்லோரும் கரையில் மேளத்தோடு காத்திருப்பார்கள். பொங்கல் பொங்காவிட்டால், சாமி மருமகளை ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நோம்பிக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால், ஒரு வருஷம் அம்மா சமையல் என்று சந்தோஷமாகவே போயிருப்பேன். நோம்பி வருவதற்குள் என் நிலைமை மாறிவிட்டது. காரணம், என் வீட்டுக்காரர்.

அவருக்குக் கண் பார்வை கம்மி. மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் கை நீட்டுகிற தூரத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் வெறும் நிறங்கள்தான். மாப்பிள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தால் லட்சணமாக இராது என்று பெரியவர்கள் அதைக் கழற்றி வாங்கி வைத்துவிட்டார்கள். ஆகவே அவர் தாலி கட்டியது ஒரு சிவப்பு நிறத்துக்கு. மறுநாள் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ஓ, நீங்கதானுங்களா" என்றார். இதைவிட நல்ல வார்த்தையை எந்தப் புருஷனும் சொல்லியிருக்க முடியாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சனிக்கிழமை தோறும் கோயமுத்தூரிலிருந்து எனக்கு பிஸ்கட் வாங்கி வருவார். பேப்பரில் வந்த செய்தியெல்லாம் படித்துச் சொல்வார். சித்திரையில் கோயமுத்தூரில் தனி வீடு பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவரை விட்டு ஒரு வருஷம் பிரிந்து இருக்க என்னால் முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அந்தப் பிரிவுக்கு வேண்டிய ஏற்பாட்டை நானேதான் செய்தேன். நோம்பிக்கு முந்தின நாள் பங்காளி வீட்டுப் பெண்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மாள், தன் மருமகள் ஆர்மோனியம் வாசிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்துவிட்டு, "உங்க மருமகளுக்கு என்னுங்க தெரியும்?" என்று மாமியாரைக் கேட்டார். மாமியார் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"எனக்குப் பரிசல் ஓட்டத் தெரியுமுங்க" என்றேன்.

எனக்குப் பரிசலில் உட்கார்ந்து கடலை தின்னத்தான் தெரியும். கொடுமுடியில் பிறந்தாலும், காவிரியில் கணுக்காலுக்கு மேல் என்னை நனைய விடாமல் வளர்த்தவர் எங்கய்யன். மாமியார் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். அதனால், "காவேரி சுழலுக்குள்ளயே ஓட்டுவனுங்க" என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

விளைவு, மறுநாள் காலையில் ஊரே பார்க்க மாமியார் பரிசல்காரரிடம், "நீங்க இருந்துக்குங்க. எங்க மருமக காவேரிக்காரி, அதுவே ஓட்டிப்போடும்" என்று சொல்லிவிட்டார். ஆண் வாடையே இல்லாமல் சீர் நடப்பதில் பெரியவர்களுக்கெல்லாம் பரம திருப்தி. பரிசல்காரர் அதைவிடத் திருப்தியாகக் கள்ளுக்கடைப் பக்கம் போய்விட்டார். நான் கல்யாணச் சிவப்புப் புடவையைக் கட்டிக்கொண்டு, துடுப்பை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றேன். காவிரியையே மேட்டூரில் கட்டி நிறுத்திவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. எனக்கு ஒரு பரிசல் அடங்கவில்லை. ஒரு போடு போட்டேன், சுற்றியது. இன்னொரு போடு போட்டேன், மறுபடியும் சுற்றியது, அந்தப் பக்கமே.

மாமியார் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கோட்டை ஒரு சமயம் எங்களுக்கு முன்னால் இருந்தது, ஒரு சமயம் பின்னால் இருந்தது.

"சிரமமா இருக்குதுங்களா அத்தை?"

"இல்ல கண்ணு, நல்லாத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு, தலையை வெளியே நீட்டிக் காலையில் குடித்த காப்பியை ஏரிக்குக் கொடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்பிடிச் சுத்திச் சுத்திப் போறதுதான் காவேரிப் பழக்கமா கண்ணு?" என்று கேட்டார். அதில் கேலியே இல்லை. ஆமாங்க என்று சொன்னேன்.

எங்களைத் திட்டில் சேர்த்தது காற்றுதான். பரிசல் வாசலுக்கு நேராகப் போய் மண்ணில் தட்டி நின்றது. அதற்குப் பிறகு நடந்ததைச் செய்ய எங்கள் ஜனங்களால் மட்டும்தான் முடியும்.

"நீங்க முதல்ல எறங்குங்க அத்தை."

"நீ எறங்கு கண்ணு. புதுப்பொண்ணு நீதான் முதல்ல கால் வெக்கோணும்."

"நீங்க இருக்கறப்ப நான் எப்பிடீங்க?"

"அட, பரவால்ல கண்ணு."

இப்படிக் கொஞ்ச நேரம் மரியாதை செய்துகொண்ட பிறகு, புதுப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பரிசல் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நான் இறங்கினேன். மாமியாரும் இறங்கினார். வாசல் கல்லுக்கு முன்னால் பானையை இறக்கி வைத்துவிட்டு, மாமியார் காலில் விழுந்து கும்பிட வேண்டும். கையில் கயிற்றை வைத்துக்கொண்டு பெரியவர்களைக் கும்பிடலாமா? மாடு ஓட்டிக்கொண்டு போகிறவன்கூட அப்படிச் செய்ய மாட்டானே! கயிற்றை விட்டுவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். மாமியாரும் இரண்டு கையையும் என் தலையில் வைத்து, "மவராசியா இரு" என்று நிதானமாக ஆசீர்வாதம் பண்ணினார். நான் எழுந்து பார்த்தபோது பரிசல் போய்க்கொண்டிருந்தது.

அரிசி, வெல்லம், விறகு, தீப்பெட்டி, சூடம் எல்லாம் அதில்தான் இருந்தன. எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரு காலிப் பானை.

பரிசல் அதிக தூரம் போகவில்லை. திட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவர் மூலைக்கு அந்தப் பக்கம் கோரைப் புல்லில் மாட்டி நின்றது. எங்களுக்குத் தெரிந்தது, கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. இறங்கி நடந்தால் எட்டிப் பிடித்துவிடலாம் போல இருந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகினேன். மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்க அகழி கண்ணு! கோட்டையச் சுத்தி வெட்டுன அகழி தண்ணிக்குள்ள அப்பிடியே கெடக்குது. வாசலுக்கு நேரா மட்டுந்தான் கல்லுப் பாதை. மத்த எடத்துல கால் வெச்சா ஆளு அடியோட போயிரும்."

பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். ஊரைக் கூப்பிட்டால் ஊரே வந்துவிடும், பொங்கல் பொங்காமலே சீர் கெட்டுவிடும், நான் கொடுமுடிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் யாருக்கும் தெரியாமல் அவருடைய மகனை மட்டும் கூப்பிட வேண்டும். அவர் கல்லுப் பாதையில் தண்ணீரிலேயே நடந்து வந்து, திட்டில் கால் வைக்காமல், பரிசலை மீட்டுத் தந்துவிட்டுப் போய்விட வேண்டும்.

"கூப்புடு கண்ணு" என்றார் மாமியார்.

இங்கேதான் சிக்கல். புருஷன் பெயரை நான் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என்னைப் பெற்றவள் அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். சரி, பெற்ற தாய் கூப்பிடலாமே என்றால், அவரும் கூப்பிட முடியாது. எங்கள் பக்கத்தில் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். என் வீட்டுக்காரர் பெயர் நாச்சிமுத்து. அவருடைய தாத்தா பெயரும் நாச்சிமுத்து. அதாவது என் மாமியாருக்கு மாமனார் பெயர். அதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. பெற்ற மகனை, அவர் பிறந்த நாளிலிருந்து, "கண்ணு" என்றே கூப்பிட்டு வளர்த்துவிட்டார். (கொஞ்சுகிறார் என்று ஊரில் பேச்சு. வேறு வழியில்லாமல் கொஞ்சினார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.)

ஆக, கோட்டையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் அந்தப் பெயர் ஆகாது. நான் வாயில் கையைக் குவித்துக்கொண்டு, "ஏனுங்கோ..." என்று ஒரு கூப்பாடு போட்டேன்.

கரையில் இருந்த கல்யாணமான ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஏரியைப் பார்த்து அல்ல, அவரவர் பெண்டாட்டியைப் பார்த்து. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் புருஷனுக்கு ஏனுங்க என்றுதான் பெயர். "என்ன அம்மணி?" என்று இவர்கள் கேட்க, "நான் கூப்புடலீங்களே" என்று அவர்கள் சொல்ல, கரை முழுக்கக் கொஞ்ச நேரம் ஒரே விசாரணையாக இருந்தது. திரும்பாத ஒரே புருஷன் என்னுடையவர். கல்யாணமாகி இரண்டு மாசம்தான், அவருக்கு இன்னும் பழகவில்லை.

அடுத்து மாமியார், "கண்ணூ..." என்று குரல் கொடுத்தார். இந்தத் தடவை கிழவரிலிருந்து குழந்தை வரை எல்லோரும் திரும்பினார்கள். எங்களைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள். நாங்களும் பதிலுக்கு ஆட்டினோம். அவ்வளவு பேர் ஆட்டும்போது ஆட்டாமல் இருப்பது மரியாதை இல்லை. உள்ளே எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று அவர்கள் மேளத்தை இன்னும் பலமாக அடிக்கச் சொன்னார்கள்.

வெயில் ஏறியது. நான் சுவர் மூலையில் ஏறி நின்று முந்தானையை எடுத்து வீசு வீசு என்று வீசினேன். மாமியார் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, ஆர்மோனியக்காரியின் மாமியார் என்ன சொல்வாள் என்பதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோயமுத்தூர் வீடு போயிற்று, பிஸ்கட் போயிற்று. அந்த மனுஷர் ஒரு வருஷம் யாருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார்?

ஆனால் அத்தனை பேரில் ஒருவர் மட்டும், திட்டில் இன்னும் புகை கிளம்பவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறார். கரையில் ஒரு ஆள் வேட்டியை மடித்துக் கட்டுவது தெரிந்தது. தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற சித்தப்பாவிடம் கொடுத்தார். (சித்தப்பா அதை மாட்டிப் பார்த்து, "என்ரா இது, ஏரி ரண்டாத் தெரியுது" என்றாராம்.) யார் சொல்லியும் கேட்காமல் தண்ணீரில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

"அத்தை, அவுங்க வாராங்க!" என்று நான் சுவர் மேலேயே குதித்தேன். மாமியார் எழுந்து வந்து பார்த்தார்.

வாசலுக்கு நேராகத்தான் அவர் இறங்கினார். ஆனால் கொஞ்ச தூரம் வந்ததும் பாதை கோணியது. கண்ணாடி இல்லாத அவருக்கு வாசல் தெரியவில்லை, சுவர் தெரியவில்லை. சிவப்பாக ஒன்று ஆடிக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்து நேராக வந்துகொண்டிருந்தார். சிவப்பு நான்தான். நான் நின்றுகொண்டிருந்தது மூலையில். எனக்கும் அவருக்கும் நடுவில் அகழி.

"ஐயோ, என்ற கண்ணு!" என்று மாமியார் அலறினார். நான் முந்தானையைக் கீழே போட்டுவிட்டு, "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினேன். கரையில் எல்லோரும் நின்றார்கள். மேளம்கூட நின்றது. அவர் நிற்கவில்லை. கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக வந்தார். தண்ணீர் அவர் மார்புக்கு ஏறியது.

அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆயுசு குறையும் என்பது ஞாபகம் வந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் குறைப்பதற்கு ஆயுசே இருக்காது என்பதும் சேர்ந்து வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"டேய் நாச்சிமுத்து! நில்லுங்க!"

நின்றுவிட்டார். ஆபத்து என்று தெரிந்து நிற்கவில்லை. பெண்டாட்டி வாயிலிருந்து தன் பெயர் வந்த அதிர்ச்சியில் அப்படியே நின்றார்.

ஒரு தடவை சொன்ன பிறகு எனக்கு வெட்கம் விட்டுவிட்டது. "நாச்சிமுத்து, முன்னால கால் வெக்காதீங்க, அகழி! நாச்சிமுத்து, பின்னால போங்க! வலது கைப் பக்கம், நாச்சிமுத்து!" என்று சுவர் மேல் நின்று கத்திக் கத்தியே அவரைத் திருப்பினேன். அகழிக்கு வெளிப்பக்கமாகவே கோரைப் புல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையால் துழாவிப் பரிசலைப் பிடித்தார். அதைத் தள்ளிக்கொண்டு, என் குரலைப் பிடித்துக்கொண்டு வாசல் பாதைக்கு வந்து சேர்ந்தார். அவ்வளவு நல்ல பிள்ளையாக ஒரு புருஷன் பெண்டாட்டி சொன்னதைக் கேட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கிட்டே வந்ததும், "ஏனுங்க அம்மணி, ஒண்ணும் ஆகலீங்களே?" என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவர் கேட்கிறார்! நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பரிசலில் தண்ணீர் தெறித்துத் தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பையன் கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து, அதற்குள்ளிருந்து நனையாத ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். கூடவே இரண்டு பீடி தண்ணீரில் விழுந்து மிதந்தன. மாமியார் பீடியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தீப்பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுப்பு மூட்டினோம். பானை காய்கிற வரைக்கும் அவர் திட்டில் கால் வைக்காமல், இடுப்பளவு தண்ணீரில் பரிசலைப் பிடித்துக்கொண்டே நின்றார். "ஏறி வாங்க" என்று சொல்லவும் முடியாது, போங்க என்று அனுப்பவும் மனசில்லை. பானை பொங்கி வழிந்ததும் நான் அவரைத்தான் பார்த்தேன். அவர் எங்கேயோ வேப்பமரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷம் கரைக்கு வருகிற வரைக்கும்தான். பொங்கல் பொங்கிவிட்டது, அதில் குறையில்லை. ஆனால் புது மருமகள் புருஷன் பெயரை, அதுவும் கூட்டத்துப் பெரிய நாச்சிமுத்துவின் பெயரை, டேய் போட்டுக் கூப்பிட்டதை ஊரே கேட்டிருந்தது. இதற்கு என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் இதற்கு முன் எவளும் இதைச் செய்ததில்லை. என் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மாமியாரைத்தான் கேட்டார்.

"ஏம்புள்ளே, எங்கய்யன் பேரச் சொல்லிக் கூப்புட்டது ஆரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொடுமுடிக்குப் போகிற பாதை எனக்குக் கண்ணில் தெரிந்தது.

"நான்தானுங்க" என்றார் மாமியார்.

டேய் என்று கத்திய குரல் யாருடையது என்று கரையில் கட்டியிருந்த ஆட்டுக்குக்கூடத் தெரியும். மாமனார் மாமியாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன்ற மாமனையா டேய்ன்னு கூப்புட்டே?"

"ஆமாங்க" என்றார் மாமியார். "அந்த மனுசன் உசுரோட இருந்தப்பவே ஒருக்காக் கூப்புட்டிருக்கோணும்."

மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. தன் தகப்பனை நினைத்து அழுதாரா, சிரித்தாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி வண்டியை நோக்கி நடந்தார். என் மேல் வர இருந்த சொல்லைத் தன் மேல் எடுத்துப் போட்டுக்கொண்ட அந்தக் கை ஜில்லென்று இருந்தது. என்னைப் பெற்ற தாய் கொடுமுடியில் ஒருத்தி, இங்கே ஒருத்தி என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்குப் பிறகு அவர் முன்னால் நான் பெருமைக்காக எதையும் சொன்னதில்லை.

சித்திரையில் கோயமுத்தூருக்குக் குடித்தனம் போனோம். வண்டியில் போகும்போது அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "ஏனுங்க அம்மணி, இன்னொருக்காக் கூப்புடுங்களே" என்றார். "அந்த டேய் வேண்டாமுங்க, பேரு மட்டும்." நான் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். வண்டி அவினாசி தாண்டுகிற வரைக்கும் எடுக்கவில்லை.

இப்போது எங்களுக்குப் பேரன் இருக்கிறான். வழக்கப்படி அவனுக்கும் நாச்சிமுத்து என்றுதான் பெயர் வைத்தோம். என் மருமகள் பி.ஏ. படித்தவள், இருந்தாலும் மாமனார் பெயரைச் சொல்லி எப்படிக் கூப்பிடுவது என்று குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். இவர்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "இந்த ஊட்டுல அந்தப் பேரப் பொம்பளைங்க தாராளமாக் கூப்புடலாமுங்க அம்மணி. அதனாலதான் நான் உசுரோட இருக்கறேன்."

போன மாசம் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தோம். இவர் வாழைக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நடந்துகொண்டிருந்தார். பேரன் கிணற்று மேட்டுப் பக்கம் ஓடினான். மருமகள் பதறிப்போய், எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற அதே வாக்கியத்தைத் தன்னை அறியாமல் கத்தினாள்.

"டேய் நாச்சிமுத்து! நில்லுங்க!"

இரண்டு பேரும் நின்றார்கள். பேரன் திரும்பி ஓடி வந்து அம்மா மடியில் விழுந்துவிட்டான். இவர் மட்டும் வரப்பில் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார், நான் போய், "வாங்க, உங்களை இல்லை" என்று சொல்கிற வரைக்கும்.